ஊருக்கு என்ன கொண்டுபோவது?

பங்குனி பிறந்துவிட்டால் மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் ஒருவகைப் பரபரப்புத் தோன்றிவிடுகிறது. பிள்ளைகளின் தேர்வு என்றைக்கு முடியும், எந்த ரயிலில் இடம் கிடைக்கும், எத்தனை நாள் விடுப்புக் கேட்கலாம் என்னும் பேச்சே வீடெங்கும் நிறைந்திருக்கும். முன்பெல்லாம் 120 நாட்களுக்கு முன்னரே பயணச்சீட்டைப் பதிவு செய்துகொள்ள இடமிருந்தது. 2024 நவம்பர் முதல் நாளிலிருந்து அது 60 நாட்களாகச் சுருங்கிவிட்டது. ஆதலின், முன்பு நான்கு மாதங்களில் பரவிக்கிடந்த கவலைகள் யாவும் இப்போது இரண்டே மாதங்களில் வந்து குவிகின்றன. சீட்டுக் கிடைத்துப் பெருமூச்சு விட்ட மறுநாள் காலையிலேயே அடுத்த கேள்வி எழுகின்றது: தாத்தாவுக்கும் ஆச்சிக்கும் என்ன வாங்கிக்கொண்டு போவது?

செம்பூரில் குடியிருக்கும் எங்கள் குடும்பத்தில் இக்கேள்வி 2008-ஆம் ஆண்டிலிருந்து எழுந்துகொண்டிருக்கிறது. நாங்குநேரி வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பெரியவர்கள் இருவரும் தனியே வாழ்கிறார்கள். இத்தனை ஆண்டுகளில் நாங்கள் சுமந்து சென்ற பரிசுகளை ஒரு வரிசையாக அடுக்கிவைத்தால் ஒரு சிறு கடையே வைத்துவிடலாம். அவற்றுள் பயன்பட்டவை எவை என்று கணக்கெடுத்தால், வெட்கத்துடன் சொல்கிறோம், ஒரு கைவிரல்களுக்குள் அடங்கிவிடும்.

முதலாண்டில் மாகிம் அல்வா வாங்கிச் சென்றோம். மெல்லிய தகடு தகடாய், இடையிடையே எண்ணெய்த்தாள் வைத்து, பெட்டியில் அழகாக அடுக்கித் தருவார்களே, அதுதான். திருநெல்வேலிச் சந்திப்பில் இறங்கி அதனைத் தாத்தாவின் கையில் கொடுத்தபோதுதான் எங்கள் அறியாமை எங்களுக்கே உறைத்தது. "ஏலே, திருநெல்வேலிக்கே அல்வாவா!" என்று அவர் சிரித்த சிரிப்பில் நடைமேடையில் நின்றவர்களும் கலந்துகொண்டார்கள். அல்வா கொடுத்தல் என்பதற்கு நம் பேச்சு வழக்கில் வேறு பொருளும் உண்டென்பதை வாசகர்களுக்கு நாங்கள் நினைவூட்ட வேண்டுவதில்லை. நெல்லையப்பர் கோயிலெதிரே மாலையில் மட்டும் திறக்கும் இருட்டுக்கடையை நிறுவியவர்களும் வடநாட்டிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்தினரே என்பதைப் பின்னர் அறிந்து ஒருவாறு ஆறுதல் பெற்றோம். நிற்க. தாத்தாவுக்கு நீரிழிவு நோய் இருப்பது அப்போதே எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் இனிப்பைத் தேர்ந்தெடுத்தோம் என்றால், அப்பரிசை வாங்கும்போது எங்கள் மனத்தில் அவர் இருந்தாரா என்ற ஐயம் எழத்தான் செய்கிறது.

அடுத்து வந்தது கம்பளிச் சால்வை. வைகாசி வெயிலில் நாங்குநேரிக்குக் கம்பளி! ஆச்சி அதனை மடித்து, வேப்பிலை வைத்து, டிரங்குப் பெட்டியின் அடியில் இட்டார். அதற்கும் பின்னர் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி. இதனையாவது அறிவுடைய பரிசென்று நாங்கள் நம்பினோம். தாத்தாவோ அதனை நாளைக்கு ஐந்து முறை கையில் கட்டிக்கொண்டு, எண் சற்றே ஏறினால் முகம் வெளிறி, வெளிறியதனால் மேலும் ஏறி, ஒரு மாதத்தில் நல்ல உடம்போடிருந்தவர் நோயாளியாகவே ஆகிவிட்டார். 2021-இல் தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கிய பின்பு, மாதந்தோறும் வீட்டுக்கு வருகின்ற பணிப்பெண் ஒருவர் அக்கருவியை வாங்கி ஆச்சியிடம் கொடுத்து, "தாத்தா கண்ணில படாம வைங்க" என்று சொல்லிச் சென்றாராம். அதன்பின் அழுத்தம் இறங்கிவிட்டது.

தொடுதிரைக் கைப்பேசியின் கதையும் அதுவே. தோல்பை தைத்துக் காய்த்துப்போன விரல்களுக்கு அந்தக் கண்ணாடித்திரை இணங்குவதில்லை. அழுத்தினால் பேசாது, பேசாதிருக்கையில் யாரையோ அழைத்துவிடும். பெரிய எண்களையுடைய பழைய பொத்தான் தொலைபேசியே மீண்டும் அரியணை ஏறியது.

ஒரே ஒரு பொருள் மட்டும் ஆச்சியின் உள்ளத்தைக் கவர்ந்தது. புறநகர் ரயிலில் பெண்கள் பெட்டியில் வளையல், ஊக்கு, கொண்டைஊசி விற்பவர்களிடம், ஊசியில் நூல் கோக்கும் சிறு தகட்டுக் கருவி ஒன்று பத்து ரூபாய்க்குக் கிடைக்கும். குர்லாவில் ஏறிய ஒருவரிடம் ஏதோ நினைவில் அதனை வாங்கிப் பெட்டியில் போட்டிருந்தோம். கண்பார்வை மங்கியதிலிருந்து ஊசியில் நூல் கோக்கத் தெருப்பிள்ளைகளைக் கூவியழைத்துக்கொண்டிருந்த ஆச்சிக்கு அது ஒரு விடுதலை. அக்கருவியைத் தாலிக்கொடியில் கோத்திருந்த ஊக்கிலேயே மாட்டிக்கொண்டார். ஆயிரக்கணக்கில் செலவிட்டு வாங்கியவை டிரங்குப் பெட்டியில் உறங்க, பத்து ரூபாய்ப் பொருள் அவர் கழுத்தில் ஏறியது கண்டு எங்களுக்குச் சற்றே பொறாமையும் உண்டாயிற்று.

பெரியோரைப் பரிசளித்துப் போற்றும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. ஜப்பான் நாட்டில் முதியோரைப் போற்றுவதற்கென்றே 1966 முதல் ஒரு தேசிய விடுமுறை நாள் உண்டு. 2003-இலிருந்து செப்டம்பர் மாதத்து மூன்றாம் திங்கட்கிழமை அது கொண்டாடப்படுகிறது. நூறு வயதை எட்டுகிறவர்களுக்கு அந்நாட்டரசு ஒரு வெள்ளிக் கிண்ணம் வழங்கும் வழக்கம் 1963-இல் தொடங்கியது. அவ்வாண்டில் அந்நாட்டில் நூறு வயது கடந்தவர் 153 பேரே. பின்னர் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ முப்பதாயிரம் பேர் நூறைத் தொடத் தொடங்கவே, செலவு தாங்காமல் 2016 முதல் தூய வெள்ளியை விடுத்து வெள்ளி முலாம் பூசிய கிண்ணமே தருகிறார்கள். நீண்ட ஆயுள் அரிதாக இருந்தபோது வெள்ளியும், மலிந்தபோது முலாமும்! நம் நாட்டிலும் 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அறுபது வயதைக் கடந்தோர் பத்துக் கோடிக்கு மேல். தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் அதிகம். நம்மவர் வழக்கிலோ அறுபதுக்கு மணிவிழா, எண்பதுக்குச் சதாபிஷேகம். திருக்கடவூரில் நாள்தோறும் இவை நடக்கக் காணலாம். ஆயிரம் பிறை கண்டவர் என்று எண்பது வயதினரைச் சொல்வது வெறும் அலங்காரமில்லை. இருபத்தொன்பதரை நாளுக்கொரு பௌர்ணமி என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஆயிரமாவது பௌர்ணமி எண்பது ஆண்டு பத்து மாத அளவில் வந்து நிற்கும். எங்கள் தாத்தாவுக்கு அதற்கு இன்னும் சில ஆண்டுகள் உள.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்ல மறந்தோம். உண்மையைச் சொல்வதாயின், இக்கட்டுரையில் மட்டுமன்று, வாழ்விலேயே நாங்கள் அதனை மறந்திருந்தோம். ஊரிலிருக்கும் தாத்தாவும் ஆச்சியும் ஊர்க்காரர்களல்லர். பம்பாய்க்காரர்கள்.

தாத்தா 1966-இல் பத்தொன்பது வயதில் விக்டோரியா டெர்மினஸில் வந்து இறங்கியவர். தாராவியில் ஊர்க்காரர் ஒருவரின் அறையில் பதினோரு பேரோடு படுத்து, பரேலில் ஒரு பஞ்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். தொழிலாளருக்கான இரவுப் பள்ளியில் மராத்தி எழுதப் படிக்கக் கற்றார். மாதந்தோறும் தம் தாய்க்கு மணியார்டர் அனுப்பினார். அப்படிவத்தின் அடியில் நாலு வரி எழுதுவதற்குச் சிறிது இடம் விட்டிருப்பார்களல்லவா? அதில் எழுதியவற்றைத் தபால்காரர் படித்துச் சொல்ல, எழுத்தறியாத அந்தத் தாய் அத்துண்டுகளை அரிசிப் பானையில் போட்டு வைத்திருந்தாராம். 1880-இல் தொடங்கிய அந்தப் பழைய மணியார்டர் முறை 2015-இல் நின்றுபோயிற்று. 1982 ஜனவரி 18-ஆம் நாள் தத்தா சாமந்த் தலைமையில் பஞ்சாலைத் தொழிலாளர் இரண்டரை லட்சம் பேர் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஆலைகள் பல பின்னர் திறக்கவேயில்லை. தாத்தாவின் ஆலையும் அவற்றுள் ஒன்று. அதன்பின் இருபத்தைந்து ஆண்டுகள் தாராவித் தோல்பைப் பட்டறையில் தையல் இயந்திரத்தின்முன் அமர்ந்து குடும்பத்தைக் காத்தார். ஆச்சியோ அண்டை வீட்டு மராத்திய அம்மையாரோடு சேர்ந்து கூலிக்கு அப்பளம் இட்டார். அந்த அம்மையாரைக் குழந்தைகளாயிருந்த நாங்கள் மாவ்ஷி என்றழைத்தோம். கவிழ்த்த கூடைகளின்மேல் அப்பளம் காயும் சந்துகளைத் தாராவியில் இன்றும் காணலாம்.

இப்படி நாற்பத்திரண்டு ஆண்டுகள். 2008-இல் அவர்கள் ஊருக்குத் திரும்பிய கணமே எங்கள் மனம் அவர்களைக் கிராமத்துப் பெரியவர்களாக மாற்றிவைத்துவிட்டது. அந்தக் கற்பனைப் பெரியவர்களுக்கே ஆண்டுதோறும் பரிசு வாங்கினோம்.

இதனை எங்களுக்கு உணர்த்தியது ஒரு பழைய செய்தித்தாள். 2023 மே மாதத்தில் எவர்சில்வர்ப் பாத்திரத் தொகுதி ஒன்றை உடையாமல் நசுங்காமல் கொண்டுசெல்லப் பழைய தாள்களைச் சுற்றியிருந்தோம். அவற்றுள் ஒன்று மில் தொழிலாளர்கள் விரும்பிப் படித்துவந்த 'நவாகாள்'. தாத்தா பாத்திரங்களை ஒரு பக்கமாகத் தள்ளிவைத்துவிட்டு, கசங்கிய அந்தத் தாளைத் திண்ணையில் விரித்து, உள்ளங்கையால் நீவி, பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து படிக்கத் தொடங்கினார். நண்பகல் உணவுக்கு இருமுறை அழைத்தும் எழவில்லை. எட்டாம் வகுப்பில் மராத்தி பயிலும் எங்கள் மகன் அருகில் சென்று உட்கார்ந்தான். அவன் திணறிய சொற்களை அவர் திருத்தினார். தாத்தாவுக்கு மராத்தி தெரியும் என்பதே அவனுக்கு அன்றுதான் தெரியும். அன்று மாலைவரை இருவரும் திண்ணையைவிட்டு இறங்கவில்லை. பாத்திரங்களை ஆச்சி எடுத்துப் பரணில் ஏற்றினார்.

அதுமுதல் எங்கள் மூட்டையின் உருவம் மாறிவிட்டது. மராத்தி 'கால்நிர்ணய்' நாட்காட்டி ஒன்று ஆண்டுதோறும் செல்கிறது. 1973-இல் தோன்றிய அந்நாட்காட்டி தமிழிலும் வெளிவருகிறது. ஆயினும் தாத்தா மராத்தியையே கேட்கிறார். ஒரு மாதத்துச் செய்தித்தாள்கள், வடாபாவுக்குத் தூவும் காய்ந்த பூண்டுச் சட்னி ஒரு புட்டி, சோலாப்பூரில் நெய்த பருத்திப் போர்வை ஒன்று. கம்பளிக்கு மாற்றாக வந்த அப்போர்வையைத் தாத்தா நூலைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "நெருக்கமா நெய்திருக்கான்" என்றார். பஞ்சாலைக்காரர் வாயிலிருந்து அவ்வளவு வருவதே பெரிது.

நீராடும் அறையில் கைப்பிடிக் கம்பி பொருத்தியதையும் இங்கே சொல்ல வேண்டும். ஏனெனில் அதனைத் தாத்தா பரிசாக ஏற்கவில்லை. "நான் என்ன நொண்டியா?" என்று கோபித்துக்கொண்டு இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை. ஊர்க் கொத்தனாரிடம் தனியே சொல்லி, "ஆச்சி வழுக்கி விழுந்துவிடக் கூடாது" என்று காரணம் காட்டி அதனைப் பொருத்தினோம். இப்போது அக்கம்பியில் அவர் கை பட்டுப் பட்டு ஓரிடம் பளபளக்கிறது என்று ஆச்சி தொலைபேசியில் சிரிக்கிறார்.

பெரியோரைத் தம்மோடு மும்பையிலேயே வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இக்கேள்வி வேறு வடிவில் வருகின்றது. மாதுங்காவில் எங்கள் நண்பர் இல்லத்தில் எண்பத்துமூன்று வயதுப் பாட்டி ஒருவர் இருக்கிறார். கும்பகோணத்துப் பக்கம் பெரிய வீட்டில் வாழ்ந்தவர். இன்று நான்காம் மாடியில் ஓர் அறை. அவர் பிறந்தநாளுக்குச் சண்முகானந்த சபையில் கச்சேரிச் சீட்டு ஒன்று வாங்கித் தந்தார்கள். 1952-இல் நிறுவப்பெற்று, 1963-இல் பேரரங்கம் கண்டு, 1990-இல் தீக்கிரையாகி, 1998-இல் மீண்டும் எழுந்த அச்சபையின் பெருமை நாம் அறிந்ததே. ஆனால் பாட்டி போகவில்லை. யாருடன் போவது? பிள்ளைகள் அலுவலகத்தில், பேரன் பயிற்சி வகுப்பில். அடுத்த முறை பேத்தி தனக்கும் ஒரு சீட்டு எடுத்தாள். ராகத்தைக் கண்டுபிடிக்கும் போட்டியில் பாட்டி மூன்றுக்கு மூன்று வென்று, இடைவேளையில் கேண்டீன் போண்டாவும் காப்பியும் பரிசாகப் பெற்றார். இப்போது சனிக்கிழமை மாலைதோறும் மாதுங்கா மார்க்கெட்டில் பூவும் வாழையிலையும் பேரம் பேசி வாங்குவதும் அவ்விருவர் பொறுப்பே என்று கேள்வி. பேத்திக்கு அதில் அலுப்பில்லையா என்று கேட்டோம். "சில வாரம் அலுப்புத்தான்," என்றாள். மறைக்காமல் சொன்னது எங்களுக்குப் பிடித்திருந்தது.

எங்கள் மகளோ சங்கத்தின் தமிழ் வகுப்பில் எழுத்துக் கூட்டக் கற்று, சென்ற ஆண்டு ஆச்சிக்கு எட்டு வரிக் கடிதம் எழுதினாள். றகரமும் ரகரமும் இடம் மாறிக் கிடந்தன. திருத்தித் தருகிறோம் என்றோம். வேண்டாம் என்று உறையை ஒட்டிவிட்டாள். அக்கடிதம் எங்கே இருக்கிறது என்று ஆச்சியிடம் கேட்டோம். அரிசிப் பானையில் என்றார்.

இனி, ஆச்சியைப் பற்றி. ஊருக்குத் திரும்பியபோது தம் அப்பளக் குழவியை மாவ்ஷியிடம் விட்டுவந்தவர் அவர். 2024 தீபாவளிக்குப் பின் ஒருநாள் தாராவிக்குச் சென்று மாவ்ஷியைப் பார்த்தோம். எழுபத்தைந்து வயதாகிறது. அதே வீடு, மேலே ஒரு தகர மாடி ஏறியிருக்கிறது. நாங்கள் வந்த நோக்கத்தைச் சொன்னதும், பேசாமல் உள்ளே போய் அக்குழவியை எடுத்துவந்து கையில் வைத்தார். நடுவில் தேய்ந்து இடை சிறுத்திருந்தது. கைப்பேசித்திரையில் இருவரையும் பேசவைக்கலாமென்று அழைத்தோம். ஊரிலிருந்த உறவுக்காரப் பையன் ஒருவன் அங்கே கைப்பேசியைப் பிடித்துக்கொண்டான். இருவருக்கும் காது மந்தம். ஒருவர் மராத்தியிலும் ஒருவர் தமிழிலும் உரக்கக் கத்தி, ஒன்றும் கேளாமல், கால் மணி நேரம் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று அந்தச் சந்தினையும், பழைய வீட்டு வாயிலையும் படமெடுத்துப் பெரிய அளவில் அச்சிட்டோம். 2025 பொங்கலன்று தொண்ணூறடிச் சாலையில் வரிசையாக அடுப்பு மூட்டி நம் பெண்கள் பொங்கலிட்ட காட்சியையும் படமெடுத்துச் சேர்த்தோம். குழவியையும் படங்களையும் கோடையில் கொண்டுபோய்க் கொடுத்தபோது, இம்முறை பிழை செய்யவில்லை என்ற பெருமிதம் எங்களுக்கு இருந்தது.

ஆச்சி குழவியைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார். எடையைப் பார்ப்பவர்போல் இருமுறை தூக்கிப் பார்த்தார். பின்பு எழுந்து அடுக்களைக்குச் சென்று உளுந்துமாவு இருக்கிறதா என்று தேடத் தொடங்கிவிட்டார். தாத்தாவின் பார்வை படத்தில் நின்றது. பூதக்கண்ணாடியை வீட்டு வாயிலின்மேல் வைத்தார்.

"இது என்னல நம்பரு? கதவுக்கு மேல பெயிண்டுல எழுதியிருக்கான்?"

சொல்ல வேண்டியதாயிற்று. தாராவி முழுவதையும் இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்துக்காக 2024-இல் வீடுவீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கியதையும், ஒவ்வொரு கட்டடத்துக்கும் எண் இடுவதையும் விளக்கினோம். யாருக்கு எங்கே வீடு கிடைக்கும் என்பதில் அங்குள்ளோர் கொண்டிருக்கும் அச்சத்தைச் சொல்லாமல் விட்டோம். அவர் அதனையும் கேட்டார். பஞ்சாலை மூடப்பட்டபோது ஆலை வாயிற்கதவில் ஒட்டிய அறிவிப்பையும் தாம் இப்படித்தான் நின்று படித்ததாகச் சொன்னார். அதன்பின் இரவுவரை பேசவில்லை. நாங்கள் அப்படத்தைக் கொண்டுவந்திருக்க வேண்டியதில்லையோ என்று எண்ணினோம். எண்ணைத் தவிர்த்து வேறு கோணத்தில் எடுத்திருக்கலாம், கவனிக்கவில்லை. பரிசு மகிழ்ச்சியையே தரவேண்டும் என்பது கொடுப்பவரின் ஆசை. வாங்குகிறவர் அதற்குக் கட்டுப்பட்டவரல்லர்.

மறுநாள் விடியலில் திண்ணையில் அவரே பேச்சைத் தொடங்கினார்.

"ஏய்யா, இடிக்கிறதுக்கு முன்னால ஒருதரம் பாத்துட்டு வரணும்."

எழுபத்தெட்டு வயது. ரயிலில் ஒன்றரை நாளுக்குக் குறையாத பயணம். மருத்துவரைக் கேட்டோம், இடையில் இறங்கி ஏறாமல், கீழ்ப்படுக்கையில் படுத்தே வருவதானால் தடையில்லை என்றார். முதியோருக்கு ரயில்வே தந்துவந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. கீழ்ப்படுக்கைக்கு முன்னுரிமை மட்டும் இருக்கிறது. செலவைப் பற்றி ஆச்சி கேட்டபோது, எவர்சில்வர்ப் பாத்திரத்தைவிடக் குறைவுதான் என்றோம். அது பொய், ஆச்சிக்கும் தெரியும்.

பொங்கலுக்கு நான்கு நாள் முன்னதாக வந்துசேரும்படி, அறுபதாம் நாள் காலை எட்டு மணிக்கு நாங்கள் இருவரும் இரண்டு கணிப்பொறிகளின் முன்னே உட்கார்ந்து இடம் பிடித்தோம். இரண்டும் கீழ்ப்படுக்கை. செய்தியைச் சொல்ல ஊருக்குத் தொலைபேசினோம். தாத்தா வண்டியின் பெயரையும் பெட்டி எண்ணையும் 'கால்நிர்ணய்' தாளிலேயே மராத்தி எழுத்தில் குறித்துக்கொண்டாராம். ஆச்சிக்கோ மகிழ்ச்சியினும் கவலையே மிகுந்திருந்தது. மாவ்ஷிக்கு என்ன கொண்டுவருவது என்று கேட்டார். சுக்குக் கருப்பட்டி நல்லதுதான், ஆனால் அவளுக்கும் சர்க்கரை இருக்குமோ என்னமோ, எதற்கும் ஒருநடை போய் விசாரித்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்றார். வருகிற ஞாயிற்றுக்கிழமை தாராவிக்குப் போகிறோம்.